ஹார்மோன் மாத்திரையும் எலும்பு ஸ்கேனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் மையத்தில் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா எந்திரத்தை இயக்குவது என் வேலை. மாதவிலக்கு நின்றபின் ஹார்மோன் சிகிச்சையில் இருக்கும் பெண்கள் குழித்துறை, குளச்சல், தோவாளை என்று நாலா பக்கமிருந்தும் வருகிறார்கள். டாக்டர் முன்னால் வாயே திறக்காதவர்கள்கூட மேசையில் படுத்ததும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மருந்தைத் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவர் கையில். ஸ்கேன் தாளில் என்ன இருக்கிறது, எதைக் கேட்டுக்கொண்டு அவரிடம் போக வேண்டும் என்பதற்கு இந்தப் பக்கம் உதவும்.

1. தீட்டு நின்னதுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

எலும்பு ஒருமுறை வளர்ந்து அப்படியே நின்றுவிடும் பொருள் அல்ல. பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் ஒரு பக்கம், புதிதாகக் கட்டும் செல்கள் ஒரு பக்கம் என்று ஆயுள் முழுக்க வேலை நடக்கிறது. கரைக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிலக்கு நிற்கும்போது அது சட்டென்று குறைகிறது. கட்டுவதைவிடக் கரைவது மிஞ்சிவிடுகிறது.

முதல் ஐந்தாறு வருடம்தான் இழப்பு வேகமாக இருக்கும். முதுகெலும்பில் வருடத்துக்கு 2 சதவீதம், சிலருக்கு 3 சதவீதம்கூடப் போகும். முதுகெலும்பின் உட்பகுதி தேன்கூடு மாதிரி இருப்பதால் அங்கே முதலில் தெரிகிறது. வலியே இருக்காது. வலி வந்தால் எங்கோ ஒடிந்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

2. ஹார்மோன் மாத்திரைதான் தின்னுகேனே, அப்புறம் எதுக்கு எலும்பைப் பாக்கணும்?

மாத்திரை எலும்பைக் காக்கும் என்பது உண்மை. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில், ஹார்மோன் எடுத்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அது கூட்டத்துக்கான கணக்கு. உங்கள் உடம்பில் அந்த மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதை உங்கள் எலும்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வேலை செய்யாமல் போகக் காரணங்கள் உண்டு. உடம்பில் திடீரென்று எழும் வெப்ப அலைக்கென்று கொடுத்த அளவு எலும்புக்குப் போதாமல் இருக்கலாம். மாதத்தில் பத்து நாள் மறந்திருக்கலாம். வைட்டமின் டி அடிமட்டத்தில் இருக்கலாம். தைராய்டு, பாராதைராய்டு, சிறுநீரகம் என்று வேறொரு நோய் மறுபக்கம் எலும்பைக் கரைத்துக்கொண்டிருக்கலாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெயர் எழுதாத பொட்டலப் பொடி எதையாவது வலிக்காக வாங்கித் தின்றிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

3. எனக்கு முட்டு தேய்மானம்னு முன்னமே சொல்லியாச்சு. இதுவும் அதுதானே?

இல்லை. முட்டில் தேய்வது மூட்டின் நுனியில் இருக்கும் குருத்தெலும்பு. அது நடந்தால் வலிக்கும், வீங்கும், எக்ஸ்ரேயில் தெரியும். இங்கே நாம் பார்ப்பது எலும்பின் உள் அடர்த்தி. சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரிய வேண்டுமானால் ஏற்கெனவே நிறையக் குறைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். முட்டுக்குப் போடும் எண்ணெயும் மாத்திரையும் அடர்த்தியைக் கூட்டாது.

4. ஸ்கேன்ல என்ன செய்வாங்க? நகையெல்லாம் கழத்தணுமா?

ஊசி கிடையாது, குகைக்குள் போவது கிடையாது, பட்டினி வேண்டாம். திறந்த மேசையில் மல்லாந்து படுக்க வேண்டும். முதுகெலும்புக்குக் கால்களைத் தூக்கி ஒரு பெட்டி மேல் வைப்போம். கீழ்முதுகு மேசையோடு ஒட்ட வேண்டும் என்பதற்காக. இடுப்புக்குப் பாதத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டுவோம். கால்மணி நேரத்தில் எழுந்துவிடலாம். அன்றைக்குக் கால்சியம் மாத்திரையை மட்டும் ஸ்கேன் முடிந்தபின் போட்டுக்கொள்ளுங்கள். பேரியம் குடித்தோ, மருந்து ஏற்றியோ வேறு ஸ்கேன் எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஒன்றிரண்டு வாரம் தள்ளி எடுப்போம்.

கம்மல், மூக்குத்தி, வளையல் இருக்கட்டும். தாலிச் சங்கிலி நீளமாகத் தொங்கினால் தோளுக்கு மேலே போட்டுக்கொண்டால் போதும், கழற்ற வேண்டாம். பிரச்சினை இடுப்பில்தான். சேலைக் கொசுவத்தில் குத்திய ஊக்கு, மடியில் சுருக்குப்பை, அதில் சாவிக்கொத்து, இரண்டு நாணயம். ஒரு நாணயம் மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பின் மேல் விழுந்தால் திரையில் வட்டமாக வெள்ளையாகத் தெரியும், எண்ணும் எகிறிவிடும். நைட்டியோ, ஊக்கு இல்லாத சுடிதாரோ போட்டு வந்தால் உங்களுக்கும் எனக்கும் வேலை மிச்சம்.

5. கதிர் உடம்புக்குள்ள போகுமே, அடிக்கடி எடுத்தா கெடுதல் இல்லியா?

ஒரு டெக்ஸாவில் கிடைக்கும் கதிர்வீச்சு சில மைக்ரோசீவர்ட்தான். உலகத்தில் சராசரி மனிதருக்கு மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே ஒரு நாளைக்கு ஆறேழு மைக்ரோசீவர்ட் கிடைக்கிறது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதால் அந்தப் பக்கத்தில் இயற்கை அளவே அதைவிட அதிகம். ஆக, பயந்து ஸ்கேனைத் தள்ளிப்போட இது காரணமே இல்லை.

6. மைனஸ் 2.1னு போட்டிருக்கு. மைனஸ்னா எலும்பே இல்லைன்னு அர்த்தமா?

இல்லை. டி-ஸ்கோர் என்பது ஆரோக்கியமான இளம்பெண்ணின் சராசரி அடர்த்தியோடு உங்களுடையதை ஒப்பிடும் எண். அந்தச் சராசரிதான் பூஜ்யம். மைனஸ் 1 வரை இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் என்றால் அடர்த்திக் குறைவு, தாளில் ஆஸ்டியோபீனியா என்று இருக்கும். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபொரோசிஸ். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த எல்லைகள் இவை. முதுகெலும்பு, முழு இடுப்பு, தொடையெலும்புக் கழுத்து ஆகியவற்றில் எது மிகக் குறைவோ அதை வைத்துத்தான் முடிவு சொல்வார்கள்.

பக்கத்திலேயே இசட்-ஸ்கோர் என்று இன்னொன்று இருக்கும். அது உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பீடு. அது மைனஸ் 2-க்குக் கீழே இருந்தால் வயதைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா என்று மருத்துவர் தேடுவார்.

7. எத்தனை நாளைக்கு ஒருக்க எடுக்கணும்?

சிகிச்சை தொடங்கும்போது ஒன்று. அதுதான் அடித்தளம், பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான். பிறகு ஒன்று முதல் இரண்டு வருடம் கழித்து ஒன்று. எண் நிலையாக இருந்தால் அதற்கப்புறம் இரண்டு வருடம், சிலருக்கு அதைவிட நீண்ட இடைவெளிகூடப் போதும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும், இடையில் எலும்பு ஒடிந்தவர்களுக்கும் சீக்கிரமே எடுக்கச் சொல்வார்கள்.

ஆறு மாதத்திலேயே "கூடியிருக்கா பாருங்க" என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு குறுகிய காலத்தில் நடக்கும் மாற்றத்தை எந்திரத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

8. ரெண்டு வருசத்துக்கு முன்ன திருவனந்தபுரத்தில எடுத்தப்ப மைனஸ் 2.0. இப்ப இங்க மைனஸ் 2.3. மாத்திரை வேலை செய்யலைன்னுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்லவே முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

முதலாவது, எந்திரம். ஹோலாஜிக், லூனார் என்று இரண்டு நிறுவனங்களின் எந்திரங்கள்தான் அதிகம் புழங்குகின்றன. ஒரே பெண்ணின் முதுகெலும்புக்கு லூனார் காட்டும் அடர்த்தி, ஹோலாஜிக் காட்டுவதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருக்கும். இரண்டும் அதனதன் கணக்கில் சரிதான். ஆனால் சந்தையில் ஒரு கடைத் தராசில் போட்ட மீனை மறு கடைத் தராசில் போட்டு "குறைந்துவிட்டது" என்று சண்டை பிடிக்க முடியாதல்லவா? ஒரே நிறுவனத்தின் எந்திரமே ஆனாலும் இரண்டு மையத்து எண்ணை நேரடியாக ஒப்பிடக் கூடாது.

இரண்டாவது, எதை ஒப்பிடுவது என்பது. டி-ஸ்கோரை ஒப்பிடாதீர்கள். தாளில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று மூன்று தசம இடத்தோடு ஓர் எண் இருக்கும். ஒப்பிட வேண்டியது அதை.

மூன்றாவது, பிழையின் அளவு. ஒரே ஆளை மேசையிலிருந்து எழுப்பி மறுபடி படுக்கவைத்து எடுத்தாலும் எண் அச்சாக ஒன்றாக வராது. அந்த ஆட்டத்தை மிஞ்சினால்தான் உண்மையான மாற்றம். ஒவ்வொரு மையமும் தன் எந்திரத்துக்கு இதைக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். எலும்பு அடர்த்தி அளவீட்டுக்கான உலகச் சங்கம் அனுமதிக்கும் உச்சவரம்பை வைத்துப் பார்த்தால் முதுகெலும்புக்கு 5.3 சதவீதம், முழு இடுப்புக்கு 5 சதவீதம், தொடையெலும்புக் கழுத்துக்கு 6.9 சதவீதம். நல்ல மையத்தில் இதைவிடக் குறைவாக இருக்கும். உதாரணத்துக்கு, உங்கள் முதுகெலும்பு 0.827-இலிருந்து 0.794 ஆகியிருந்தால் இறக்கம் 4 சதவீதம். டி-ஸ்கோரில் அது மைனஸ் 2.0-இலிருந்து மைனஸ் 2.3 ஆகத் தெரியும், வீட்டில் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் பிழை வரம்பு 5.3 சதவீதம் என்றால் அது மாற்றம் என்றே கணக்கில் வராது. ஏறினாலும் இதே கணக்குத்தான். 2 சதவீதம் கூடியதற்காக மிட்டாய் கொடுக்க வேண்டாம்.

ஆகவே முதலில் எடுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப எடுங்கள். பழைய தாளைப் படத்தோடு வைத்திருங்கள். மடித்து மணிபர்ஸில் வைத்து எண் அழிந்துபோன தாள்கள் நிறையப் பார்த்தாயிற்று. கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தாலும் போதும்.

9. காம்ப்ல குதிகாலை ஒரு மிசின்ல வச்சுப் பாத்தாங்க. அது போதாதா?

போதாது. பள்ளிக்கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் முகாம் போட்டு வைக்கும் அந்தச் சிறிய எந்திரம் அல்ட்ராசவுண்ட். யாருக்கு டெக்ஸா தேவைப்படலாம் என்று வடிகட்ட அது உதவும். ஹார்மோனால் எலும்பு மாறுகிறதா என்று தொடர்ந்து பார்க்க உதவாது. குதிகால் மெதுவாகத்தான் மாறும், எண்ணின் ஆட்டமோ அதிகம். அங்கே எழுதிக்கொடுத்த டி-ஸ்கோரை ஆறாவது பதிலின் எல்லைகளோடு பொருத்திப் பார்ப்பதும் தவறு. முகாமில் பயமுறுத்தி அங்கேயே மாத்திரை டப்பா விற்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

10. ரெண்டு வருசம் காத்திருக்கணுமா? ரத்தத்தில பாக்க முடியாதா?

முடியும். எலும்பு கரையும்போது சிடிஎக்ஸ் என்ற துணுக்கும், கட்டும்போது பி1என்பி என்பதும் ரத்தத்தில் கலக்கும். ஹார்மோன் வேலை செய்தால் மூன்று முதல் ஆறு மாதத்தில் இரண்டும் இறங்கும். சிடிஎக்ஸுக்குக் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் பொய்யாகக் குறையும். எல்லாருக்கும் இது தேவையில்லை. மாத்திரை உடம்பில் பிடிக்கிறதா என்ற சந்தேகம் இருக்கும்போது மருத்துவர் எழுதுவார்.

சாதாரணமாக எல்லாருக்கும் எழுதுவது வேறு: கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியாட்டினின், வைட்டமின் டி, தைராய்டு. தேவைப்பட்டால் பாராதைராய்டு ஹார்மோன். ரத்தத்தில் கால்சியம் சரியாக இருப்பதால் எலும்பில் சரியாக இருக்கிறது என்று ஆகாது. ரத்தத்து அளவு குறையாமல் இருக்க உடம்பு எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

11. தெனமும் மீனு தின்னுகோம். கால்சியம் மாத்திரை எதுக்கு மக்ளே?

எந்த மீன், எப்படித் தின்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நெத்திலியை முள்ளோடு தின்றால் நல்ல கால்சியம். புளிமுளத்தில் வெந்து குழைந்த சின்னச் சாளையின் முள்ளையும் மென்று விழுங்கலாம். நெய்மீன் துண்டில் சதை மட்டும்தான் உள்ளே போகிறது. அதில் புரதம் உண்டு, கால்சியம் கொஞ்சம்தான். கூடவே மரச்சீனிக்கிழங்கு என்றால் வயிறு நிறையும், எலும்புக்குப் பெரிதாக ஒன்றும் சேராது.

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் வேண்டும். 200 மில்லி பாலில் ஏறக்குறைய 240, 100 கிராம் கேழ்வரகில் 350 வாக்கில். தயிர், முருங்கைக்கீரை, எள் எல்லாம் உண்டு. உணவில் 700 வந்துவிட்டால் மாத்திரையில் 500 போதும். "எதற்கும் இருக்கட்டும்" என்று காலையும் இரவும் போடத் தேவையில்லை. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு. சிட்ரேட் என்றால் எப்போது வேண்டுமானாலும்.

12. கடற்கரையில இருக்கோம், வெயிலுக்கா பஞ்சம்? வைட்டமின் டி எப்படிக் குறையும்?

வெயில் ஊரில் இருக்கிறது, உடம்பில் படுவதில்லை. மதிய வெயிலில் யாரும் நிற்பதில்லை. சேலைக்கு வெளியே முகமும் முன்கையும்தான். வயதான தோல் உண்டாக்கும் அளவும் குறைவு. முந்திரி ஆலையில் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தோல் உரிப்பவருக்கும், விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டி எட்டு ஒன்பது மணிக்குள் முடிப்பவருக்கும் நல்ல வெயில் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை.

13. வாரம் ஒருக்க போடுற 60,000 மாத்திரை கொள்ளாம். நானே கடையில வாங்கிப் போடுகேன், சரிதானே?

சரியில்லை. அந்த 60,000 யூனிட் வழக்கமாக எட்டு வாரத்துக்கு. பிறகு மாதம் ஒன்று, அதுவும் மருத்துவர் சொன்னால். வைட்டமின் டி கொழுப்பில் சேர்ந்து உடம்பில் தங்கும், சிறுநீரில் வெளியேறாது. வருடக்கணக்கில் வாராவாரம் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம், சிறுநீரகக் கல் வரை போகலாம். மாத்திரையோடு கூடவே 6 லட்சம் யூனிட் ஊசியும் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒரே மருந்து.

14. தைராய்டு மாத்திரையும் உண்டும். எல்லாத்தையும் காலையில சேத்துப் போடலாமா?

கூடாது. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். கால்சியமும் இரும்புச்சத்தும் அதற்குப் பிறகு குறைந்தது நான்கு மணிநேரம் கழித்து. சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து குடலில் சிக்கிக்கொண்டு உடம்பில் ஏறாது.

பலருக்குத் தெரியாதது இன்னொன்று. வாய்வழியாக ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் தைராய்டு மருந்தின் தேவை கூடலாம். ஹார்மோன் தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்வது நல்லது. மறுபக்கம், தைராய்டு மருந்து அளவுக்கு மீறி டிஎஸ்ஹெச் அடிமட்டத்துக்குப் போனால் அதுவே எலும்பைக் கரைக்கும். ஹார்மோன் எடுத்தும் எலும்பு குறைகிறது என்றால் நான் முதலில் கேட்பது தைராய்டு அளவு கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றுதான்.

15. நாள் முழுக்கச் சோலி செய்யேன். தனியா உடற்பயிற்சி வேறயா?

எந்த வேலை என்பதுதான் கேள்வி. மேடு பள்ளத்தில் நடப்பது, குடம் சுமப்பது, படியேறுவது எலும்புக்கு நல்லது. எட்டு மணிநேரம் குனிந்து உட்கார்ந்திருப்பது வேலைதான், எலும்புக்குப் பயிற்சி ஆகாது. நடையோடு, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது இரண்டையும் சேருங்கள். விழாமல் இருந்தாலே பாதி முறிவு வராது. மழைக்காலத்தில் பாசி பிடித்த முற்றத்தை முதலில் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள்.

16. கர்ப்பப்பையை எடுத்தாச்சு. எனக்கும் இதெல்லாம் உண்டா?

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். சினைப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டிருக்கும்; தீட்டு வராது என்பதால் எப்போது நின்றது என்று தெரியாமல் போகும். இரண்டையும் 40, 42 வயதில் எடுத்திருந்தால் எலும்பு இழப்பு அன்றே தொடங்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு, தடை எதுவும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயது வரையிலாவது ஹார்மோன் கொடுக்கவே மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. தானாகவே 45-க்கு முன் நின்றவர்களுக்கும் அதேதான். ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாதவர்களும் இவர்களே.

கர்ப்பப்பை இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். இருப்பவருக்குப் புரோஜெஸ்ட்ரோனும் சேர வேண்டும். இல்லையென்றால் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வாய்ப்பு கூடும். அக்காளுக்கு எழுதிய சீட்டில் தங்கை வாங்கிப் போடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

17. எனக்கு மாத்திரை இல்லை, உள்ள தடவுற கிரீம்தான். அதுவும் எலும்பைக் காக்குமா?

வறட்சிக்கும் எரிச்சலுக்கும் கொடுக்கும் குறைந்த அளவுப் பிறப்புறுப்புக் கிரீம் அந்த இடத்தோடு நின்றுவிடும், எலும்புக்குப் போகாது. தோலில் தடவும் ஜெல்லும் ஒட்டும் பட்டையும் வேறு. அவை ரத்தத்தில் கலந்து எலும்பைக் காக்கும். "நானும் ஹார்மோன் எடுக்கிறேன்" என்று கிரீமை நம்பி ஸ்கேனை விட்டுவிடாதீர்கள்.

18. முதுகு நம்பர் ஏறியிருக்கு, இடுப்பு நம்பர் இறங்கியிருக்கு. எதை நம்ப?

வயது 60-ஐத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் இடுப்பை. முதுகெலும்பில் முள் மாதிரி எலும்பு வளர்ந்திருந்தாலும், முன்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருந்தாலும் எந்திரம் அதையும் சேர்த்து அளந்துவிடும். நசுங்கிப்போன முள்ளெலும்புகூட அடர்த்தி கூடியதாகவே காட்டும், அதே எலும்பு சின்ன இடத்தில் அமுங்கிவிடுவதால். தாளில் முதலாவது முதல் நான்காவது முள்ளெலும்பு வரை தனித்தனி எண் இருக்கும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட டி-ஸ்கோரில் 1-க்கு மேல் விலகி நின்றால் அதை நீக்கிவிட்டுக் கணக்கிடுவோம். இடுப்பில் கம்பி வைத்திருந்தால் மறுபக்கம். இரண்டிலும் வைத்திருந்தால் முன்கை.

19. எலும்பு பாக்க வந்தா உயரம் எதுக்கு அளக்கிய?

முதுகெலும்பு நசுங்குவது பல பேருக்கு வலியில்லாமலே நடந்துவிடும். போன தடவையைவிட 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ, இளவயது உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் போயிருந்தாலோ பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். காசில்லாத சோதனை இது. வருடம் ஒருமுறை, காலையில், செருப்பில்லாமல், கொண்டையை அவிழ்த்துவிட்டு அளந்து தாளில் குறித்து வையுங்கள்.

20. போன வருசம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சது. வர்ம ஆசான்கிட்ட கட்டுப் போட்டு சரியாச்சு. டாக்டர்கிட்ட அதைச் சொல்லணுமா?

கட்டாயம் சொல்லுங்கள். நின்ற நிலையிலிருந்து விழுந்து ஒடிந்தது என்றால் அது எலும்பின் பலவீனத்துக்கு அடையாளம். இடுப்போ முதுகெலும்போ அப்படி ஒடிந்திருந்தால் டி-ஸ்கோர் மைனஸ் 1.8-ஆக இருந்தாலும் எலும்புப்புரை என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சை தருவார்கள். மணிக்கட்டும் ஆபத்துக் கணக்கைக் கூட்டும். ஆசானிடம் கட்டியதால் ஆஸ்பத்திரித் தாள் இருக்காது, நீங்கள் சொன்னால்தான் தெரியும். திட்டுவார்களோ என்று மறைப்பவர்கள் அதிகம்; திட்டினாலும் சொல்லிவிடுங்கள்.

வர்மத்துக்கும் எண்ணெய்த் தேய்ப்புக்கும் நம் ஊரில் போகாதவர்கள் குறைவு. மெல்லத் தடவுவதில் பயமில்லை. முதுகில் ஏறி மிதிப்பது, முறுக்கி நெட்டி எடுப்பது இரண்டும் மைனஸ் 2.5-க்குக் கீழே உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். ஸ்கேன் தாளை ஆசானிடமும் காட்டுங்கள்.

21. புற்றுநோய் வரும்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. மாத்திரையை நிறுத்திட்டேன். இதுவரை சேந்த எலும்பு நிக்குமா?

நிற்காது. நிறுத்தியதும் தீட்டு நின்ற காலத்து இழப்பு மறுபடி தொடங்கும். சில வருடத்தில் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும். நிறுத்துவதாக இருந்தால் முன்பே மருத்துவரிடம் பேசி, எலும்புக்கு வேறு மருந்து வேண்டுமா என்று முடிவு செய்து, ஒன்றிரண்டு வருடத்தில் ஸ்கேன் எடுங்கள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இரண்டாவது பதிலில் சொன்ன அதே ஆய்வு. 2002-இல் அதை இடையிலேயே நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்த 10,000 பெண்களில் வருடத்துக்கு 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய். பக்கவாதமும் 8 பேருக்குக் கூடுதல். இடுப்பு முறிவு 5 பேருக்குக் குறைவு. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. இன்றைக்கு 60 வயதுக்குள், அல்லது தீட்டு நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குவதைத்தான் பொருத்தமாகக் கருதுகிறார்கள். மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, காரணம் தெரியாத ரத்தப்போக்கு, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. 67 வயதில் எலும்புக்காக மட்டும் புதிதாக ஹார்மோன் தொடங்குவதும் வழக்கமில்லை.

22. ஒழுங்கா மாத்திரை போட்டும் குறைஞ்சுக்கிட்டே வருது. அடுத்து என்ன?

முதலில் அது உண்மையான குறைவுதானா என்று எட்டாவது பதிலை வைத்துப் பாருங்கள். உண்மை என்றால் இரண்டாவது, பதினான்காவது பதில்களில் சொன்ன காரணங்களைத் தேட வேண்டும். அப்புறம்தான் மருந்து மாற்றம். வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வருடம் ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி ஆகியவை வழக்கமானவை. அலெண்ட்ரோனேட்டைக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். கட்டன் சாயாவோடு விழுங்கினால் மருந்து ஏறாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் இந்த மருந்துகளைத் தொடங்கும் முன்பே பிடுங்கிக்கொள்ளுங்கள்.

23. ஆறு மாச ஊசி போடுகேன். மக பிரசவத்துக்கு துபாய் போறேன், திரும்பி வந்து போட்டா போதாதா?

வேறு எந்த மருந்துக்கும் இவ்வளவு கறாராகச் சொல்லமாட்டேன்: டெனோசுமாப் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஹார்மோனை நிறுத்தினால் எலும்பு பழைய வேகத்தில் கரையும். இந்த ஊசியை நிறுத்தினால் அதைவிட வேகமாகக் கரையும். ஏழு மாதத்தைத் தாண்டினால் முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேற்பட்டு நசுங்கிய சம்பவங்கள் உண்டு. விட வேண்டும் என்றாலும் சும்மா விடக் கூடாது, வேறு மருந்துக்கு மாற்றித்தான் விட வேண்டும்.

போன ஊசி போட்ட தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் முடியும் நாள் பயணத்துக்குள் வந்தால் அங்கே போடுவதற்கு மருத்துவரின் கடிதமும் மருந்தின் பெயரும் கையில் இருக்கட்டும். முன்கூட்டிப் போடலாமா என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.